முதல் வெளிநாட்டுப் பயணம்: அம்மாவோடு சுவிஸை ரயிலில் சுற்றுவது எப்படி?

12.01.2025, இரவு 9.40

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். ஜூன் கடைசியில் நான், அம்மா, மகள் மூன்று பேரும் சுவிஸ் போகிறோம். பன்னிரண்டு நாள். பேர்ணில் அக்கா இருக்கிறார். 1998 இல் போனவர். அவருடைய வீட்டை அம்மா இன்னும் படத்தில்தான் கண்டிருக்கிறார். அம்மாவுக்கு 71 வயது, மகளுக்கு 13. வயலில் சிறுபோகம் நிற்பதால் என் கணவர் வரவில்லை.

கார் வேண்டாம், நாட்டை ரயிலிலேயே பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நான் போட்ட வழி இது: சூரிச், லுசேர்ன், இன்டர்லாக்கன், யுங்ஃப்ராவ்யோக், செர்மாட், அங்கிருந்து கிளேசியர் எக்ஸ்பிரசில் சென் மொரிட்ஸ், பிறகு பேர்னினா ரயிலில் இத்தாலி எல்லையில் திரானோ, லுகானோ, மொன்ரோ, ஜெனீவா, கடைசியாகப் பேர்ண். ஒவ்வோர் ஊரிலும் ஓர் இரவு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், சரி வருமா?

12.01.2025, இரவு 11.05

ஒன்று விட்டுப்போனது. யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஸ்டேசன். 1912 இல் திறந்தார்கள். மலையைக் குடைந்து உள்ளுக்குள்ளேயே ரயில் ஏறுகிறது. ரயில் பாஸ் எடுத்தால் அதுவும் அடக்கம் என்று நினைக்கிறேன்.

14.01.2025

பொங்கல் அன்று அக்கா எடுத்தார். வழியை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நீ அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறியோ, பெட்டிகளைக் கூட்டிக்கொண்டு வாறியோ?" என்று கேட்டார்.

போனை வைத்த பிறகு கொப்பியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பத்து ஊர் என்றால் பத்துத் தரம் பெட்டி கட்ட வேண்டும், பத்துத் தரம் அவிழ்க்க வேண்டும். மூன்று பெட்டி. ஒவ்வோர் ஊரிலும் ஸ்டேசனில் இருந்து தங்குமிடம் தேடி நடக்க வேண்டும். அம்மாவின் குளிசைப் பை எந்தப் பெட்டியில் என்று ஒவ்வோர் இரவும் தேட வேண்டும். பார்ப்பதற்கு என்று ஒரு நாளில் மூன்று மணித்தியாலம் மிஞ்சினால் பெரிய காரியம்.

ஆகவே முதல் குறிப்பில் போட்ட வழியை விட்டுவிட்டேன். பேர்ணிலேயே இருப்போம். விடிய வெளிக்கிட்டு, ஒரு திக்கில் போய்ப் பார்த்து, பின்னேரம் அக்கா வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடுவோம். பேர்ண் அதற்கென்றே நடுவில் வைத்த ஊர் போல இருக்கிறது. சூரிச்சுக்கு 56 நிமிடம், லுசேர்னுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், இன்டர்லாக்கனுக்கு அதிலும் குறைவு.

19.01.2025

பாஸ் பற்றி மூன்று நாள் மண்டையை உடைத்தேன். வெளிநாட்டுப் பயணிகளுக்கான சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாள் என்று வருகிறது. நாட்கள் தொடர்ந்து போகும். 2025 ஆம் ஆண்டு விலையில், இரண்டாம் வகுப்பில் 8 நாளுக்கு 419 பிராங்க், 15 நாளுக்கு 459. நாற்பது பிராங்க் கூடக் கொடுத்தால் ஏழு நாள் கூடக் கிடைக்கிறது! எங்களுக்குப் பன்னிரண்டு நாள் என்பதால் 15 நாள் பாஸ்தான். இன்றைய மாற்று விலையில் ஒருவருக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபா வருகிறது. சின்னக் காசு இல்லை. ஆனால் அதற்குள் ரயில், ஏரிக் கப்பல், ஊர்ப் பஸ், ட்ராம் எல்லாம் வந்துவிடும்.

மகளுக்குக் காசில்லை. பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தாய் அல்லது தகப்பனோடு போனால் குடும்ப அட்டை இலவசமாகத் தருகிறார்கள், பாஸ் வாங்கும்போதே கேட்டு எடுக்க வேண்டும். மூத்தவர்களுக்குத் தனிக் கழிவு இல்லை. அம்மாவுக்கு முழுக் காசுதான்.

20.01.2025

12 ஆம் திகதி எழுதியதைத் திருத்துகிறேன். யுங்ஃப்ராவ்யோக் பாசில் அடக்கம் இல்லை. கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் பாஸ் செல்லும். அதற்கு மேலே கால்வாசிக் கழிவில் தனி ரிக்கற் எடுக்க வேண்டும், அந்த மிச்சமே பெரிய தொகை. யாராவது என் பழைய குறிப்பைப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

09.02.2025

"கார் எடுத்தால் சுகம்தானே, ஏன் ரயிலில் இவ்வளவு பிடிவாதம்?" என்று வவுனியாவில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நீளமாகத்தான் பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா மாங்குளத்துக்குக் கிட்ட ரயில்வே கேற் காவலாளி. கேற்றுக்கு அருகிலேயே வீடு. எங்கள் வீட்டில் மணிக்கூடு ஒன்று இருந்தது, ஆனால் அம்மா அதைப் பார்ப்பதில்லை. "தேவி போட்டுது, உலையை வை" என்பார். யாழ்தேவி ரயில் போகும்போது கேற்றின் இரும்பு நடுங்கும், குசினியில் தட்டுகள் ஒன்றோடு ஒன்று முட்டிச் சத்தம் போடும். 1990 ஜூனில் ரயில் நின்றபோது எனக்கு ஒன்பது வயது. இரண்டு கிழமையில் வந்துவிடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

பிறகு தண்டவாளத்தையே கழற்றினார்கள். வன்னியில் பங்கர் வெட்டியவர்களுக்குத் தெரியும், மேலே போடத் தண்டவாளத்தைப் போல ஒன்று இல்லை, சிலிப்பர் கட்டையைப் போல ஒன்று இல்லை. எங்கள் பங்கருக்கு மேலே மூன்று துண்டுத் தண்டவாளம் கிடந்தது. தண்டவாளத்தின் பக்கவாட்டில் அதைச் செய்தவர்கள் ஆங்கில எழுத்தும் ஆண்டும் புடைப்பாகப் பதித்திருப்பார்கள். செல் விழுகிற நேரத்தில் அப்பா என் விரலைப் பிடித்து அந்த எழுத்துகள் மேல் தடவ வைப்பார். ஆங்கில எழுத்துகளில் பாதியை நான் இருட்டில் அப்படித்தான் படித்தேன்.

2013 செப்டெம்பர் 14 அன்று கிளிநொச்சிக்கு ரயில் திரும்ப வந்தது. இருபத்துமூன்று வருடம். அப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை. ஸ்டேசனில் நின்ற சனத்தில் பாதிப் பேர் என் தங்கச்சி வயதும் அதற்குக் கீழும், அவர்களில் ரயிலைக் கண்ணால் கண்டவர்கள் அன்று வரை குறைவு. அம்மா கூட்டத்தை விட்டு ஓரமாக நின்று, ரயில் போகும் வரை ஒன்றும் கதைக்கவில்லை.

தம்பி, கார் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான்.

10.02.2025

நேற்று எழுதியதை மகள் வாசித்துவிட்டு, "அம்மம்மாவுக்கு நான் யன்னல் சீற் விடுறன்" என்றாள். பார்ப்போம்.

23.02.2025

நேர அட்டவணையைப் பழகத் தொடங்கியிருக்கிறேன். சுவிஸ் ரயில் நிறுவனத்தின் செயலியைப் போனில் இறக்கி, ஒவ்வோர் இரவும் ஒரு பயணத்தைத் தேடிப் பார்க்கிறேன். முதலில் பயந்தது மாறுகிற நேரத்துக்கு. "மாற 6 நிமிடம்" என்று போட்டிருக்கும். ஆறு நிமிடத்தில் அம்மாவோடு எப்படி மேடை மாறுவது?

அக்கா விளக்கினார். 1982 இல் இருந்து அங்கே ரயில்கள் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் ஒரே நிமிடத்தில் வெளிக்கிடுகின்றன. 8.07 இற்கு ஒன்று என்றால் 9.07 இற்கும் 10.07 இற்கும் உண்டு. பேர்ண், சூரிச், பாசல் போன்ற பெரிய சந்திகளுக்கு எல்லாப் பக்கத்து ரயில்களும் மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து சேர்ந்து, மணி அடித்துச் சற்றுப் பின் பிரிந்து போகும்படி முழு நாட்டுக்கும் ஒரே கணக்காகப் போட்டிருக்கிறார்கள். ஒன்றைத் தவறவிட்டால் பெரும்பாலும் அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ இருந்தால் அடுத்தது. ஆகவே ஓடக் கூடாது. இதைப் பெரிய எழுத்தில் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அவர்களுடைய ஸ்டேசன் மணிக்கூட்டில் சிவப்பு வினாடி முள் ஒன்று இருக்கிறது, நுனியில், ரயிலை விடுகிறவர் காட்டுகிற கம்பின் வட்டு மாதிரி ஒரு வட்டம். அது சுற்றி வந்து பன்னிரண்டில் ஒரு கணம் நின்று, நிமிட முள் நகர்ந்த பிறகுதான் திரும்ப ஓடும். வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். நாலு தரம் போடச் சொன்னார்.

இன்னொரு விஷயம், தெரியாமல் போனால் மாட்டுப்படுவோம். இன்டர்லாக்கனில் இருந்து மலைக்குப் போகிற ரயில் சுவைலூட்சினன் என்ற இடத்தில் இரண்டாகக் கழன்று, ஒரு பாதி லவுட்டர்புருன்னனுக்கும் மற்றப் பாதி கிரிண்டல்வால்டுக்கும் போகிறது. ஏறும்போதே பெட்டியில் போட்டிருக்கிற ஊர்ப் பெயரை வாசித்து ஏற வேண்டும். மூன்று பேரும் ஒரே பெட்டியில் ஏறுவோம் என்று மகளிடம் சத்தியம் வாங்கிவிட்டேன்.

16.03.2025

ஒரு பயண முகவரிடம் விசாரிக்கப் போய் ஒரு நாள் வீணானது. ஒன்பது நாளில் ஐந்து நாடு, எல்லாம் பஸ்ஸில், ஒவ்வோர் இடத்திலும் இறங்கிப் படம் எடுக்க நாற்பது நிமிடம். "ரயில் எல்லாம் உங்களுக்குச் சரிவராது அக்கா, சனம் தொலைஞ்சு போயிடும்" என்றார். முற்பணத்தை அன்றைக்கே கட்டச் சொல்லி நெருக்கினார். கட்டாமல் வந்தேன். மற்றவர்களும் அவசரப்பட்டு முற்பணம் கட்டாதீர்கள். விசா வருமுன் கட்டிய காசு போனால் போனதுதான்.

20.04.2025

இதைத்தான் எல்லாருக்கும் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அந்த நாட்டுக்குப் போகுமுன் எங்கள் நாட்டிலேயே ஒரு நீளமான ரயில் பயணம் போய்ப் பாருங்கள். அதுவும் கூட வரப்போகிற ஆட்களோடு.

வருடப் பிறப்பு முடிய நாங்கள் கொழும்புக்குப் போய் ஓர் இரவு சொந்தக்காரர் வீட்டில் நின்று, விடியப் பதுளை ரயிலில் ஏறினோம். கண்டிக்கு அங்கால் அம்மா யன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. தேயிலைத் தோட்டம், நீர்வீழ்ச்சி, ரயில் சுரங்கக் குகைக்குள் போகும்போது பெடியள் போடுகிற கூச்சல், எல்லாம் அவருக்குப் பிடித்தது. அட்டன் கடந்த பிறகுதான் பார்த்தேன், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை எதிர்ச் சீற்றில் வைத்திருந்தார். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தழும்பு பள்ளமாகக் கிடந்தது. கேட்டதற்கு "ஒண்டுமில்லைப் பிள்ளை, நீ வெளியாலை பார்" என்றார். பட்டிப்பொலவில் ரயில் 1,890 மீற்றருக்கு மேலே நிற்கும்போது காதும் அடைத்தது.

ஆனால் தெமோதரையில் எழும்பி நின்றார். அங்கே தண்டவாளம் மலையைச் சுற்றி இறங்கி, சற்று முன் நாங்கள் நின்ற ஸ்டேசனுக்கே கீழால் குகை வழியாகப் போகிறது. "உன்ரை அப்பா உதைச் சொல்லேக்கை நான் நம்பேல்லை" என்றார்.

அன்று படித்தது: அம்மாவுக்கு ஒரு இருப்பில் நாலு மணித்தியாலம் எல்லை. இதை வீட்டில் இருந்து எந்தச் செயலியைப் பார்த்தும் கண்டுபிடித்திருக்க முடியாது.

22.04.2025

நாலு அல்ல, மூன்று. நேற்று அம்மாவே ஒத்துக்கொண்டார். கண்டி தாண்டியதுமே கால் கடுத்ததாம்.

04.05.2025

மூன்று மணித்தியாலக் கணக்கை வைத்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன்.

கிளேசியர் எக்ஸ்பிரஸ் போய்விட்டது. பெயரில்தான் எக்ஸ்பிரஸ், செர்மாட்டில் இருந்து சென் மொரிட்சுக்கு எட்டு மணித்தியாலம் மெல்ல ஊர்கிறது. 291 பாலம், 91 குகை. எனக்கு மனம் கேட்கவில்லை, ஆனால் அம்மாவின் கணுக்காலை நினைத்தால் கேட்கிறது. பாஸ் இருந்தாலும் அதில் இருக்கைக்குத் தனிக் காசு கட்டிப் பதிய வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

யுங்ஃப்ராவ்யோக்கும் போய்விட்டது. பிதுருதலாகலை 2,524 மீற்றர். அதைவிட ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் கூட உயரத்துக்கு, பிரஷர் குளிசை போடுகிற மனிசியை ஒரே ஏற்றமாகக் கொண்டுபோக டொக்டர் விரும்பவில்லை. அதற்குப் பதில் மியூரன். லவுட்டர்புருன்னனில் இருந்து தொங்கு வண்டியில் ஏறி, பிறகு பாறை விளிம்போடு ஓடுகிற சின்ன ரயிலில் போக வேண்டும். கார் போகாத ஊர். அங்கே நின்றால் அந்தப் பெரிய பனிமலைகள் மூன்றும், ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ், நேரே எதிரில் தெரியும். முழுவதும் பாசுக்குள் அடக்கம். காசும் மிச்சம், மூச்சும் மிச்சம்.

பேர்னினாவை விட மனமில்லை. அதற்குக் கூர் என்ற ஊரில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். இதுதான் பேர்ணை விட்டு வெளியே படுக்கிற ஒரே இடம். பெரிய கண்ணாடி போட்ட சுற்றுலா ரயில் எங்களுக்குத் தேவையில்லை. அதே தண்டவாளத்தில் சாதாரண ரயில் ஓடுகிறது, இருக்கை பதியத் தேவையில்லை, விரும்பிய இடத்தில் இறங்கிக் கால் நீட்டலாம். கூரில் இருந்து சென் மொரிட்ஸ் இரண்டு மணித்தியாலம். நடுவில் லாண்ட்வாசர் பாலம் வரும். 65 மீற்றர் உயரக் கல் தூண்கள் மேல் ரயில் வளைந்து போய் நேரே பாறைச் சுவருக்குள் புகுந்துவிடும். சென் மொரிட்சில் இறங்கி ஆறுதலாகத் தேத்தண்ணீர், பிறகு 2,253 மீற்றர் உயரத்து ஒஸ்பிட்ஸியோ பேர்னினா ஸ்டேசனைக் கடந்து அல்ப் குரூம் வரை போய்த் திரும்புவோம். உயரத்துக்கு டொக்டர் சம்மதம். திரானோ இல்லை. இத்தாலி மண்ணில் கால் வைக்க ஆசைப்பட்டவள் மகள், அவளைச் சமாதானப்படுத்த வேண்டும்.

கொத்தார்ட் என்ற மலையைக் கடக்கிற ரயில் பாதை பற்றி இரண்டு மனம். 2016 இல் திறந்த அடிக்குகை 57 கிலோமீற்றர், உலகத்தின் நீளமான ரயில் குகை. ஆனால் உள்ளே போனால் இருட்டுத்தானே. 1882 இல் திறந்த பழைய மலைப்பாதையிலும் இன்னும் ரயில் ஓடுகிறது. அதில் வாசன் என்ற ஊரில் வெள்ளைத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. ரயில் மலைக்குள் சுற்றிச் சுற்றி ஏறுவதால் அதை மூன்று தரம் காணலாம். முதலில் அண்ணாந்து, அடுத்து நேருக்கு நேர், கடைசியில் குனிந்து. தெமோதரையைப் பார்த்து எழும்பி நின்றவர் இதைப் பார்க்காமல் போகக் கூடாது. பழைய பாதைதான். அந்தப் பாதையில் இருக்கிற பழைய குகையை வெட்டும்போது ஏறத்தாழ இருநூறு தொழிலாளர் இறந்தார்கள், வெட்டுவித்த பொறியியலாளர் லூயி ஃபாவ்ருவும் 1879 இல் அந்தக் குகைக்குள்ளேயே இறந்தார். போகும்போது ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம்.

08.05.2025

விசாவுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். கேட்டவர்களுக்காக: பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னமே கொடுக்கத் தொடங்கலாம், கடைசி பதினைந்து நாளுக்குள் விடக் கூடாது. கட்டணம் 90 யூரோ. ஆறில் இருந்து பதினொரு வயது வரைதான் பாதி, ஆகவே மகளுக்கும் முழுசு. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அக்கா அங்கே அதிகாரிகளிடம் போய் 30,000 பிராங்க் வரை பொறுப்பு ஏற்பதாகப் பத்திரம் போட்டார். நான் தையல் கடையின் வியாபாரப் பதிவு, வங்கிக் கணக்குக் கூற்று, காணி உறுதி, மகளின் பாடசாலைக் கடிதம், கணவரின் சம்மதக் கடிதம் எல்லாம் கொடுத்தேன். திரும்பி வருவீர்களா என்பதுதான் அவர்கள் மனதில் இருக்கிற கேள்வி. எல்லாப் பத்திரமும் அந்த ஒரு கேள்விக்கான பதில் என்று நினைத்துக் கட்டினால் எது தேவை, எது தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

29.05.2025

மூன்று பேருக்கும் கிடைத்துவிட்டது. அம்மா கடவுச்சீட்டைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். எடுக்க விடுகிறார் இல்லை.

14.06.2025

பெட்டி கட்டுகிறோம். அக்காவுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுபோக அம்மா ஒரு மாதமாகத் திட்டம். முடியாது. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து போகிறவர்கள் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் பழம், மரக்கறி, விதை, கறிவேப்பிலை ஒன்றும் சுவிசுக்குள் கொண்டுபோகக் கூடாது. இறைச்சியும் பால் சாமானும் அப்படித்தான். விலக்கு உள்ளவை ஐந்து: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியன். இதை வாசித்துக் காட்டியதும் அம்மா எழும்பிப் போய் மூன்று தேங்காய் உரித்துக்கொண்டு வந்தார். நிறை கூடும் என்று சொல்லி ஒன்றாகக் குறைத்திருக்கிறேன்.

ரயிலுக்குள் சாப்பாடு கொண்டுபோய்ச் சாப்பிடலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்களாம். அக்கா இடியப்பம் அவிப்பார்.

அம்மாவுக்குச் செருப்பு வேண்டாம் என்று பூட்ஸ் வாங்கினோம், அரை அளவு பெரிதாக. கால் வீங்கினாலும் இடம் இருக்கும். ஒரு மாதமாகப் பின்னேரம் அதைப் போட்டுக்கொண்டு இரணைமடு வாய்க்கால் கரையில் நடக்கிறார்.

21.06.2025, இரவு

நேற்று அம்மா அக்காவிடம் போனில் ஒன்று கேட்டார். இவ்வளவு நாளும் எங்கே போக விருப்பம் என்று கேட்டால் "நீங்கள் கூட்டிக்கொண்டு போற இடத்துக்கு" என்றுதான் சொல்லி வந்தவர்.

"அங்கை கேற் ஆர் பிள்ளை போடுறது?"

"அது தானாகவே விழும் அம்மா. ஆள் இல்லை."

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப கேற்காரற்றை வீடு?"

அக்கா யோசித்துச் சொன்னார். அவர் வேலைக்குப் போகிற வழியில் கேற்றுக்கு அருகே பழைய காவலாளி வீடு ஒன்று இருக்கிறதாம். இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்களாம், வேலியில் ரோசா படர்ந்திருக்கிறதாம். ஊர் ரயில் அரை மணித்தியாலத்துக்கு ஒன்று போகுமாம்.

முதல் நாள் பகலுக்கு மியூரன் போட்டிருந்தேன். அதை மூன்றாம் நாளுக்குத் தள்ளிவிட்டேன். முதல் நாள்: ஆறுதலாக எழும்பிச் சாப்பிட்டு, பஸ்ஸில் பத்து நிமிடம், கேற்றடி. அம்மாவுக்கு மடக்குக் கதிரை ஒன்று கொண்டுபோக அக்காவிடம் சொல்லியாயிற்று. எத்தனை ரயில் பார்க்க வேண்டும் என்பதை அம்மாவே சொல்லட்டும்.